அந்தப் படம் ஏஐ வரைஞ்சது இல்ல, கோணத்தையும் சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்போட கடைசிப் பக்கத்துல ஒரு படம் போட்டிருந்தீங்க. குகை மாதிரியும் இருக்கும் பவளப்பாறை மாதிரியும் இருக்கும், தூணுக்குள்ள தூண், வளைவுக்குள்ள வளைவுன்னு உள்ள உள்ள போய்க்கிட்டே இருக்குமே, அந்தப் படம். பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம் எனக்கு, முப்பரிமாண ஃப்ராக்டல் ஒண்ணு, அதாவது ஒரே மாதிரி வடிவம் தனக்குள்ளயே சின்னச் சின்னதா திரும்பத் திரும்ப வர்ற கணக்கு உருவம், நம்ம தமிழ்ப் பேப்பர்ல முழுப் பக்கத்துக்கு வந்திருக்கேன்னு வீட்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம்தான் கீழ இருந்த ஒரு வரியைப் படிச்சேன், "ஏஐ வரைந்த அதிசயம்". மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அந்த ஒரு வரி தப்புன்னு சொல்றதுக்கும், அந்த இடத்துல என்ன போட்டிருக்கணும்னு சொல்றதுக்கும்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

ஏஐ படம்ங்கறது வேற. அது கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகி, நாம கேக்கற வார்த்தைக்கு ஏத்த மாதிரி ஒரு படத்தை உண்டாக்கித் தருது. ஃப்ராக்டல்ல பழகறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இங்க இருக்கிறது ஒரு சின்ன ஃபார்முலா, சில சமயம் அஞ்சாறு வரிதான், அதுக்குள்ள ஒரு ஆள் உக்காந்து தேர்ந்தெடுத்த சில எண்கள், அந்த எண்கள்ல முக்கியமானது எவ்வளவு டிகிரி திருப்பணும்ங்கற கோணங்கள். ஃபார்முலாவோட அந்தக் கோணமும் மத்த எண்களும் எனக்குத் தெரிஞ்சா அதே படத்தை என் வீட்டு கம்ப்யூட்டர்லயும் ஒரு முடி பிசகாம கொண்டு வந்துடுவேன், தெரியலைன்னா ஆயுசு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அதனால இந்தக் கலைல கையெழுத்துன்னு ஒண்ணு இருந்தா அது அந்தக் கோணம்தான்னு நான் நினைக்கிறேன்.

ஏன் கோணத்துக்கு இவ்வளவு மதிப்புன்னு சொல்லணும்னா ஆரம்பத்துலேர்ந்து வரணும். ஃப்ராக்டல்ங்கற வார்த்தையை 1975ல பெனுவா மண்டல்பிராட்ங்கற கணித அறிஞர் உருவாக்கினாரு, உடைஞ்சதுன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லுலேர்ந்து. 1980ல ஐபிஎம் ஆராய்ச்சி மையத்துல கம்ப்யூட்டரை வச்சு அவர் பார்த்த அந்தப் பூச்சி மாதிரி கறுப்பு உருவம்தான் இன்னைக்கு எல்லாரும் மண்டல்பிராட் கணம்னு சொல்றது. அதோட ஃபார்முலா ஒரே வரி: ஒரு எண்ணை எடு, அதை அதாலயே பெருக்கு, கூட ஆரம்பப் புள்ளியைக் கூட்டு, வர்ற விடையை எடுத்து மறுபடி அதையே பண்ணு. ஆனா அந்த எண்ணு சாதா எண் இல்ல, தாள்ல ஒரு புள்ளி, அதுக்கு மையத்துலேர்ந்து ஒரு தூரம் இருக்கு, ஒரு கோணம் இருக்கு. அதை அதாலயே பெருக்கினா தூரம் வர்க்கமாகும், கோணம் ரெண்டு மடங்காகும். தூரம் 1, கோணம் 30 டிகிரின்னு வச்சுக்கோங்க, வெறும் பெருக்கல் மட்டும் பண்ணிக்கிட்டே போனா 60, அடுத்து 120, அடுத்து 240ன்னு புள்ளி சுத்திக்கிட்டே போகும். அதாவது பெருக்கல்னு நாம சொல்றதுக்குள்ளயே ஒரு சுழற்சி ஒளிஞ்சிருக்கு, அந்த சுழற்சி இல்லைன்னா அந்தச் சுருள் வால் இல்ல, அந்தப் பூ இல்ல, ஒண்ணுமே இல்ல. எனக்கு இது புரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

சரி, தாள்ல பண்ணினதை அப்படியே முப்பரிமாணத்துல பண்ணலாமேன்னு தோணும்ல? அங்கதான் வில்லங்கம். ரெண்டு எண்ணை வச்சு ஒரு புள்ளி, அதுக்கு ஒழுங்கான பெருக்கல் இருக்கு. மூணு எண்ணை வச்சு ஒரு புள்ளின்னா அதுக்கு அந்த மாதிரி ஒழுங்கான பெருக்கலே கிடையாது. அயர்லாந்து கணித அறிஞர் வில்லியம் ஹாமில்டன் இதுக்காக வருஷக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டாரு, கடைசில 1843 அக்டோபர் 16ஆம் தேதி டப்ளின்ல கால்வாய்க் கரையோரம் மனைவியோட நடந்து போயிட்டிருக்கும்போது, மூணு பத்தாது நாலு எண் வேணும்னு சட்டுனு பிடிபட்டு, அங்க இருந்த பாலத்துக் கல்லுலயே அந்தச் சமன்பாட்டைக் கீறி வச்சாரு. குவாட்டர்னியன்னு பேரு. இன்னைக்கு வீடியோ கேம்ல ஒரு ஆள் தலையைத் திருப்பறதுலேர்ந்து விண்கலத்தைத் திருப்பற வரைக்கும் சுழற்சிக் கணக்கு நிறைய இடத்துல அதை வச்சுத்தான் ஓடுது. 1982ல ஆலன் நார்ட்டன் அந்த நாலு எண்ணை வச்சு முப்பரிமாண ஃப்ராக்டல் படங்கள் போட்டாரு. அழகுதான், ஆனா அந்த வகை உருவங்கள் பாகு இழுத்த மாதிரி வழவழன்னு இருக்கும், எல்லாப் பக்கமும் நுணுக்கம் பொங்கி வழியறது அதுல வராது.

பல வருஷம் கழிச்சு 2009ல டேனியல் வைட்டும் பால் நைலாண்டரும் வேற வழில போனாங்க. பெருக்கல் இல்லைன்னா போகட்டும், அந்த சுழற்சியை மட்டும் எடுத்துக்குவோம்னு. முப்பரிமாணத்துல ஒரு புள்ளிக்கு ஒரு தூரமும் ரெண்டு கோணமும் உண்டு, பூமி உருண்டைல ஒரு இடத்துக்கு அட்சரேகை தீர்க்கரேகை இருக்கிற மாதிரி. தூரத்தை எட்டாம் அடுக்குக்கு ஏத்து, ரெண்டு கோணத்தையும் எட்டால பெருக்கு, ஆரம்பப் புள்ளியைக் கூட்டு, திரும்பத் திரும்பப் பண்ணு. அவ்வளவுதான், மண்டல்பல்ப் வந்துடுச்சு. ரெண்டாம் அடுக்குல அது அவ்வளவு எடுப்பா இல்ல, எட்டுக்குப் போனதும்தான் அந்த மொட்டு மொட்டான உருண்டை, மொட்டு மேல மொட்டு, பள்ளத்துக்குள்ள பள்ளம்னு வந்துச்சு. கணக்குப் புத்தகம் பார்த்தா இது மண்டல்பிராட் கணத்தோட சரியான முப்பரிமாண வாரிசுன்னு சொல்ல முடியாது, அப்படி ஒண்ணு இருக்கவும் முடியாது, ஆனா கண்ணுக்கு அது வாரிசு மாதிரியே இருக்கு. அடுத்த வருஷமே, 2010ல, டாம் லோ மண்டல்பாக்ஸைக் கொண்டு வந்தாரு, அது மடிப்பை வச்சு. ஒரு எண் 1ஐத் தாண்டினா கண்ணாடில பட்ட மாதிரி உள்ள திருப்பி விடு, 1.3 வந்தா 0.7 ஆயிடும், அப்புறம் உருண்டை மாதிரி ஒரு மடிப்பு, அப்புறம் பெருசாக்கு, கூட்டு, மறுபடி. அதுக்குள்ள போனா முடிவே இல்லாத மாளிகை மாதிரி இருக்கும்.

இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்த இடத்துக்கு வர்றேன். நான் அதிகமா வேலை பண்றது மெங்கர் கட்டையை வச்சுத்தான், கார்ல் மெங்கர்ங்கற கணித அறிஞர் 1926ல சொன்னது. ஒரு கனசதுரத்தை 27 சின்ன கனசதுரமா வெட்டு, நடுவுல ஒண்ணு, ஆறு முகத்தோட நடுவுல ஆறு, மொத்தம் ஏழை எடுத்துடு, 20 மிச்சம். அந்த இருபதுல ஒவ்வொண்ணையும் அதே மாதிரி பண்ணு. முடிவில்லாம பண்ணிக்கிட்டே போனா கன அளவு பூஜ்யம் ஆயிடும், மேற்பரப்பு எல்லையில்லாம போயிடும், பரிமாணம் 2.7268ன்னு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கும். பத்து தடவை வெட்டினாலே 10,24,000 கோடி கட்டை வரும், இதை ஒவ்வொண்ணா வரைஞ்சு எந்த கம்ப்யூட்டர்லயும் வைக்க முடியாது. அதனால யாரும் கட்டையை வரையறது இல்ல, ஃபார்முலாகிட்ட ஒரு புள்ளியைக் குடுத்து நீ உள்ளயா வெளியயான்னு கேக்கறோம். ஃபார்முலா என்ன பண்ணும்னா அந்தப் புள்ளியை மடிக்கும், மைனஸ் எண்ணை எல்லாம் பிளஸ் ஆக்கும், மூணு எண்ணையும் பெருசு சின்னதுன்னு வரிசைப்படுத்தும், இது ரெண்டுமே கண்ணாடி பிரதிபலிப்புதான், அப்புறம் மூணு மடங்கு பெருசாக்கும், நகர்த்தும், மறுபடி மடிக்கும்.

அந்த மடிப்புக்கு முன்னாடி ஒரே ஒரு சுழற்சியைச் சொருகினா என்ன ஆகும்? நிறைய பேர் இங்கதான் குழம்பறாங்க. கட்டையை முழுசா செஞ்சு முடிச்சுட்டு அதைத் திருப்பினா ஒண்ணும் ஆகாது, நாம வேற பக்கத்துலேர்ந்து பார்க்கறோம், அவ்வளவுதான், கேமராவை நகர்த்தினதுக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல. ஆனா சுழற்சியை ஃபார்முலாவுக்கு உள்ள வச்சா ஒவ்வொரு சுத்துலயும் அது திரும்பத் திரும்ப நடக்குது. 3 டிகிரின்னு வச்சா, பெரிய கட்டைக்குள்ள இருக்கிற பிள்ளைக் கட்டை அம்மாவை விட 3 டிகிரி சாஞ்சிருக்கும், பேரன் கட்டை 6, அப்படியே பத்தாம் தலைமுறை போனா சாய்வு 30 டிகிரி வரைக்கும் சேர்ந்துடும். மடிப்புல கண்ணாடி பிம்பமா வந்த பக்கம் எல்லாம் எதிர்த் திசைல சாயும். அதனாலதான் தூரத்துலேர்ந்து பார்த்தா கிட்டத்தட்ட கட்டை மாதிரியே தெரியும், கிட்டப் போகப் போக எல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்கும், வலது இடது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கை கோத்த மாதிரி. நீங்க போட்ட படத்துல அந்தத் தூண்கள் சாஞ்சு நிக்குதே, அது இப்படித்தான் வந்திருக்கும்னு பார்த்த உடனே தோணுச்சு.

சாஃப்ட்வேர்ல கோணத்தை மாத்தற ஸ்லைடரை நான் முதல் தடவை நகர்த்தின ராத்திரி இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. சைபர்ல வச்சா வழக்கமான கட்டை, ஓட்டை எல்லாம் சதுரம், பார்க்க கட்டடத்து ஜன்னல் மாதிரி. 2 டிகிரி நகர்த்தினேன், பெருசா ஒண்ணும் தெரியல, விளிம்புல மட்டும் லேசா பிசிறு. 7 டிகிரி வச்சேன், சதுர ஓட்டை எல்லாம் சரிஞ்சு, மடிப்புக் கோட்டுல வர்ற கட்டைங்க பாதியில வெட்டுப்பட்டு, சுவர் எல்லாம் படிக்கட்டு மாதிரி ஆயி, உள்ள ஒரு வளைவு உண்டாயிருந்துச்சு. ஃபார்முலால எங்கயுமே வளைவு கிடையாது, எல்லாம் நேர்கோடும் தட்டை முகமும்தான், ஆனா சின்னச் சின்ன சாய்வு அடுக்கடுக்கா சேரும்போது கண்ணுக்கு வளைவாத் தெரியுது. 20 டிகிரில கட்டைங்கற நினைப்பே போயிடுச்சு, 45ல வேற ஏதோ ஒரு செடி. அப்புறம் 80, 85, 89ன்னு போகப் போக சிதறினது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணு சேர்ந்து, 90ல சட்டுனு பழைய கட்டை அப்படியே வந்து நின்னுச்சு, துளி மாறாம. ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நினைச்சு ரெண்டு மூணு தடவை பண்ணிப் பார்த்தேன், அதேதான். காரணம் பின்னாடி புரிஞ்சுச்சு, கனசதுரத்தை கால் சுத்து திருப்பினா அது அதுவாவே இருக்கும், அது மாதிரி 24 விதமா திருப்பலாம், நம்ம மடிப்பு அந்த 24ஐயும் ஒண்ணாத்தான் பார்க்கும், அதனால மடிப்புக்கு முன்னாடி 90 டிகிரி திருப்பறது ஒண்ணுமே திருப்பாததுக்குச் சமம். அதே 90ஐ மடிப்புக்குப் பின்னாடி வச்சா கதையே வேற, கட்டை திரும்பி வராது. ஒரே எண், ஒரே ஃபார்முலா, இடம் மட்டும் மாறினதுக்கே இவ்வளவு. இதை எல்லாம் எந்த ஏஐயும் எனக்குச் சொல்லித் தரல, நானே நகர்த்தி நகர்த்திப் பார்த்துக் கத்துக்கிட்டது.

இன்னொரு விஷயம், வரிசை. கையில ஒரு புத்தகத்தை அட்டை உங்களைப் பார்க்கிற மாதிரி பிடிங்க. மேல் விளிம்பு உங்களை விட்டுத் தள்ளிப் போற மாதிரி கால் சுத்து சாய்ங்க, அப்புறம் அதை வலப்பக்கமா பம்பரம் மாதிரி கால் சுத்து திருப்புங்க. எப்படி நிக்குதுன்னு பார்த்துக்கோங்க. மறுபடி முதல்லேர்ந்து, இப்ப முதல்ல வலப்பக்கம் கால் சுத்து, அப்புறம் சாய்க்கறது. புத்தகம் வேற மாதிரி நிக்கும். தாள்ல சுத்தினா எதை முதல்ல சுத்தினாலும் ஒண்ணுதான், முப்பரிமாணத்துல அப்படி இல்ல, ஹாமில்டனோட பெருக்கல்லயும் முன்ன பின்ன மாத்தினா விடை மாறறது இதனாலதான். ஃப்ராக்டலுக்குள்ள இது பத்துப் பதினஞ்சு சுத்து நடக்கும்போது எக்ஸ் அச்சுல 5 அப்புறம் ஒய் அச்சுல 12ங்கறதும், ஒய்ல 12 அப்புறம் எக்ஸ்ல 5ங்கறதும் ரெண்டு தனித்தனி உலகம். அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்ககிட்ட நான் எப்பவும் சொல்றது, மூணு அச்சையும் ஒரே நேரத்துல தொடாதீங்க, ஒண்ணை மட்டும் பிடிங்க, அதோட குணம் பிடிபடற வரைக்கும் அதுலயே இருங்க, அப்புறம் அடுத்ததுக்குப் போங்க. அவசரப்பட்டா வெறும் தூசிதான் மிஞ்சும், எல்லாம் சிதறிப் போயி ஒரு வடிவமும் நிக்காது.

சுழற்சில எனக்கு ரொம்பப் பிடிச்சது அது எதையும் நசுக்காதுங்கறதுதான். ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற தூரம் திருப்பறதுக்கு முன்னாடியும் அதேதான் பின்னாடியும் அதேதான். இது கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா படம் போடறதே இதை நம்பித்தான். எப்படின்னா, ஸ்கிரீன்ல இருக்கிற ஒவ்வொரு பிக்சல் வழியாவும் கண்ணுலேர்ந்து ஒரு கோடு கிளம்புது, அது எங்க போய் ஃப்ராக்டல் மேல முட்டுதுன்னு கண்டுபிடிக்கணும். குருடர் கோலைத் தட்டித் தட்டி நடக்கிற மாதிரி, நிக்கிற இடத்துலேர்ந்து பக்கத்துச் சுவர் குறைஞ்சது எவ்வளவு தூரம்னு ஃபார்முலாகிட்டயே கேட்டு, அந்த அளவு மட்டும் முன்னாடி போயி, மறுபடி கேட்டு, மறுபடி போயின்னு. 1989ல ஜான் ஹார்ட்டும் கூட்டாளிங்களும் முப்பரிமாண ஃப்ராக்டலுக்கு இந்த வழியைப் போட்டுக் குடுத்தாங்க, இன்னைக்கு வரைக்கும் நிறைய சாஃப்ட்வேர் அந்த வழிலதான் போகுது. தூரக் கணக்கு தப்பினா கோடு சுவரைத் தாண்டிக் குதிச்சுடும், படத்துல ஓட்டையும் புள்ளியுமா வரும். சுழற்சி தூரத்தை மாத்தாததால எவ்வளவு திருப்பினாலும் இந்தக் கணக்கு கெடாது. நீட்டறது, இழுக்கறது, வளைக்கறது இதுக்கெல்லாம் இந்த உத்தரவாதம் இல்ல.

உழைப்பு எவ்வளவுன்னு ஒரு கணக்கு சொல்றேன். 1920க்கு 1080 படத்துல 20,73,600 பிக்சல். ஒவ்வொண்ணுக்கும் அந்தக் கோடு நூறு தடவை முன்னாடி நகரணும், ஒவ்வொரு நகர்வுக்கும் ஃபார்முலா பத்து சுத்துன்னு வச்சாலே 207 கோடி தடவை அந்த மடி, திருப்பு, பெருசாக்கு நடக்கணும், அதுக்கு மேல நிழல், வெளிச்சம் தனி. அசையும் படம்னா இன்னும். கோணம் சைபர்லேர்ந்து 90க்குப் போறதை முப்பது செகண்டுக்குக் காட்டணும்னா, செகண்டுக்கு 25 ஃப்ரேம்னு 750 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமுக்கு 0.12 டிகிரி. ஃப்ரேம் ஒண்ணை கம்ப்யூட்டர் வரைஞ்சு முடிக்க நாலு நிமிஷம்னா 50 மணி நேரம், ரெண்டு ராத்திரி ரெண்டு பகல். இதைப் பண்றது மெஷின்தான், நான் மறுக்கல. ஆனா 750 ஃப்ரேம்ல எந்த வேகத்துல கோணம் போகணும், 7 டிகிரிக்கிட்ட கொஞ்சம் நிதானிக்கணுமா, கேமரா எந்தத் தூணுக்குப் பின்னாலேர்ந்து எட்டிப் பார்க்கணும், வெளிச்சம் எந்தப் பக்கம், ஒவ்வொரு புள்ளியும் சுத்தற வழில மையத்துக்கு எவ்வளவு கிட்ட வந்துச்சுங்கறதை வச்சு என்ன நிறம் குடுக்கணும், இதெல்லாம் ஒரு மனுஷன் உக்காந்து முடிவு பண்றது. போட்டோகிராஃபர் மலையை உண்டாக்கல, அதுக்காக படத்தை கேமரா தானா எடுத்துச்சுன்னு நாம போடறோமா?

என் சொந்த அனுபவம் ரெண்டு சொல்லணும். ஒரு தடவை ஒரு கண்காட்சிக்கு மூணு படம் அனுப்பியிருந்தேன், நாலு மாசம் வேலை பண்ணினது. "இயந்திரம் தானாக உருவாக்கிய படங்களை ஏற்பதில்லை"ன்னு ஒரே வரில திருப்பி அனுப்பிட்டாங்க. போன் பண்ணி கோணத்தைப் பத்தி விளக்கினேன், கேட்டவங்க மரியாதையாத்தான் கேட்டாங்க, ஆனா ஏற்கனவே முடிவு பண்ணிட்டாங்கன்னு தெரிஞ்சுச்சு. உங்க பேப்பர்ல அந்த வரியைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்துச்சு, நாளைக்கு இன்னொரு கண்காட்சிக்காரங்க இந்த வரியைக் காட்டியே இன்னொருத்தரைத் திருப்பி அனுப்புவாங்களேன்னு.

ரெண்டாவது இதை விட வலிச்சது. மெங்கரும் மண்டல்பாக்ஸும் மாறி மாறி வர்ற மாதிரி, ஒரு சுத்து இது, ரெண்டு சுத்து அதுன்னு கோத்து, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுழற்சி வச்சு ஒரு படம் வந்துச்சு. கோபுரமும் இல்ல மரமும் இல்ல, ஆனா ரெண்டோட அமைதியும் அதுல இருந்துச்சு, நான் பண்ணினதுலயே அதுதான் நல்லதுன்னு இன்னைக்கும் சொல்வேன். படத்தை சேமிச்சேன், அமைப்பு ஃபைலை சேமிக்கறதுக்குள்ள கம்ப்யூட்டர் நின்னு போச்சு. எண்களை ஒரு தாள்ல கூட எழுதி வைக்கல. ஃபார்முலா தெரியும், எக்ஸ் அச்சுன்னு தெரியும், 30க்கும் 35க்கும் நடுவுலன்னு தெரியும். மூணு வாரம் தேடினேன், 0.1 டிகிரியா நகர்த்தி, சுருக்க அளவை மாத்தி, பக்கத்துல பக்கத்துல வந்துச்சு, அண்ணன் தம்பி மாதிரி சாயல் இருந்துச்சு, ஆனா அந்த முகம் கிடைக்கல. பக்கம் முழுக்க அச்சடிக்கற அளவுக்கு பெருசாவும் அதை இனி எடுக்க முடியாது, இருக்கிறது அந்தச் சின்ன அளவுப் படம் மட்டும்தான். அன்னையிலேர்ந்து ஒரு நோட்டு வச்சிருக்கேன், படத்தை விட நோட்டைத்தான் பத்திரமா பார்த்துக்கறேன்.

அதனால என் கோரிக்கை இதுதான். இனிமே இந்த மாதிரி படம் போட்டா பண்ணினவங்க பேரையும், ஃபார்முலா பேரையும், சுழற்சிக் கோணத்தையும் கீழ போடுங்க. ஓவியம்னா தைலவண்ணம்னும் அளவும் போடறோம்ல, அது மாதிரி. ஒரு வரிதான் ஆகும். படிக்கிறவங்க யாராவது ஒருத்தர் அதை வச்சு வீட்ல போட்டுப் பார்ப்பாங்க, மண்டல்பல்பர், மண்டல்பல்ப் 3டின்னு ரெண்டு சாஃப்ட்வேரும் இலவசமாவே கிடைக்குது, சாதாரண கம்ப்யூட்டர்லயே ஓடும், பெரிய அளவு வேணும்னாத்தான் நேரம் ஆகும். எண்ணைப் போட்டதும் பேப்பர்ல பார்த்த அதே குகை கண்ணு முன்னாடி எழுந்து நிக்கும், அப்புறம் அந்த எண்ணுல அரை டிகிரி நகர்த்தாம அவங்களால இருக்கவே முடியாது.

சிறுவர் பக்கத்துக்கும் ஒண்ணு கேக்கறேன். கம்ப்யூட்டரே வேணாம், வெறும் காகிதம் போதும். நாலு முகம் உள்ள முக்கோணக் கூம்பு, எல்லா விளிம்பும் 5 சென்டிமீட்டர், அதுல 64 செய்யச் சொல்லுங்க, ஒரு வகுப்புப் பசங்க சேர்ந்தா ஒரு மத்தியானத்துல முடிஞ்சுடும். நாலு நாலா முனை தொடற மாதிரி ஒட்டினா 16 வரும், மறுபடி நாலு நாலா ஒட்டினா 4, மறுபடி ஒண்ணு, 40 சென்டிமீட்டர் விளிம்புள்ள சியர்பின்ஸ்கி கூம்பு ரெடி. உள்ள முழுக்க ஓட்டை, அதே அளவு ஓட்டையில்லாத கூம்போட ஒப்பிட்டா ஒவ்வொரு படிலயும் கன அளவு பாதி பாதியா குறைஞ்சிருக்கும், மேற்பரப்பு மட்டும் மாறவே மாறாது. இப்ப அதை ஒரு நூல்ல கட்டித் தொங்க விட்டு மெதுவா திருப்பச் சொல்லுங்க. எல்லாப் பக்கத்துலயும் ஓட்டை வழியா அந்தப் பக்கம் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். எதிரெதிர் விளிம்பு ரெண்டோட நடுப்புள்ளியும் ஒரே நேர்ல கண்ணுக்கு முன்னாடி வர்ற மாதிரி வச்சுக் கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா மட்டும், அத்தனை ஓட்டையும் அடைஞ்சு போயி முழுச் சதுரமா தெரியும், ஒரு இடைவெளி இருக்காது. வெயில்ல பிடிச்சா நிழலும் அப்படியே சதுரமா விழும். நான் இதைப் பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டியிருக்கேன், அந்தச் சதுரம் வர்ற நொடில எல்லாரும் ஒரே நேரத்துல ஓன்னு கத்துவாங்க, அப்புறம் ஆளாளுக்குப் பிடுங்கி அவங்களே திருப்பிப் பார்ப்பாங்க. கோணம்னா என்னன்னு அதுக்கு மேல விளக்க வேண்டியதே இல்ல.

இந்த லெட்டரோட ஒரு படம் வச்சிருக்கேன். மெங்கர் கட்டை, மடிப்புக்கு முன்னாடி சுழற்சி, முதல்ல எக்ஸ் அச்சுல 7.5 டிகிரி, அப்புறம் ஒய் அச்சுல 12, இசட் அச்சு தொடல, பெருக்கம் 3, மொத்தம் 12 சுத்து. இடம் இருந்தா படத்தைப் போடுங்க, இடம் இல்லைன்னா இந்த எண்களை மட்டுமாவது போட்டுடுங்க, படத்தை அவங்களே எடுத்துக்குவாங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் படிக்கிற வாசகர்